விழுது என்றோம்!

மரம் ஒன்றைக் காணச் சென்றோம். அதன் அடிமரத்தைத் தேடினோம். கிடைக்கவில்லை!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தோழர்களே! ஊக்ளி ஆற்றின் மேலைக் கரையிலே, ஹவுராவை அடுத்த சிப்பூரிலே, 270 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்து கிடக்கிறது இந்தியத் தாவரவியல் தோட்டம். 2009 முதல் அறிவியல் மேதை ஜகதீச சந்திர போசின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பள்ளிக்குக் கோடை விடுமுறை. கொல்கத்தாவிலே பணிபுரியும் கல்லூரித் தோழரின் அழைப்பு. கையிலே செலவுக்குக் கொஞ்சம் பணம். புறப்பட்டோம். காளி கோயிலைக் காட்டவா, கடைவீதியைக் காட்டவா என்று கேட்டார் தோழர். மரத்தைக் காட்டுக என்றோம். சிரித்துக்கொண்டே அழைத்துச் சென்றார்.

வைகாசி வெயில் வங்கத்திலும் வைகாசி வெயில்தான். நம் ஊரில் உடல் காயும். அங்கே உடல் வேகும். அவ்வளவுதான் வேறுபாடு! நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தோம். ஈச்சமும் தென்னையும் கமுகும் போன்ற பனையினத்து மரங்கள் அணிவகுத்து நிற்கும் சாலை; தட்டுப் போன்ற இலைகளைத் தண்ணீர்மேல் விரித்துக் கிடக்கும் அமேசான் அல்லி; மறுபுறம் மண்கலந்த நிறத்தில் மெல்ல நகரும் ஆறு. கண்ணுக்கு விருந்து என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் தோட்டம் பிறந்தது கண்ணுக்காக அன்று, கணக்குக்காக!

1770-இலே வங்கத்தைப் பஞ்சம் வாட்டியது. இலட்சம் இலட்சமாக மக்கள் மடிந்தனர். கிழக்கிந்தியக் கும்பெனியோ வரியை வாங்குவதிலே கண்ணாயிருந்தது. அந்தக் கும்பெனியின் படை அதிகாரி இராபர்ட் கிட் என்பவர் 1786-இலே ஒரு திட்டத்தை எழுதினார். வேடிக்கைச் செடிகளைச் சேர்த்துவைக்கும் தோட்டம் வேண்டா. மக்களுக்கும் பயன்பட்டு, வாணிகத்துக்கும் வளம் தரும் பயிர்களைப் பெருக்கும் தோட்டம் வேண்டும் என்றார். பஞ்சத்தில் பசியாற்றும் பயிர் ஒரு புறம். கப்பல் கட்டத் தேக்கு மறுபுறம்! 1787-இலே தோட்டம் தோன்றிற்று. தேக்கு அந்த மண்ணிலே எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. தோட்டம் மட்டும் நிலைத்தது. இரக்கமும் இலாபமும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தன. எது எதற்குத் துணையாகச் சேர்க்கப்பட்டது என்பதை ஆராயப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்வோம். 1793-இலே இத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்றவர் வில்லியம் இராக்சுபர்க்கு. சென்னை மாகாணத்திலே மருத்துவராகப் பணிபுரிந்து, சாமல்கோட்டையிலே செடி வளர்த்துப் பழகிவிட்டு வந்தவர். 2,500-க்கும் மேற்பட்ட செடிகொடிகளை வண்ணத்தில் வரையச் செய்தார். வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். ஓவியத் தொகுதி இராக்சுபர்க்கின் பெயரால் வழங்குகிறது. இலையின் நரம்பையும் பூவின் மகரந்தத் தாளையும் பிசகாமல் பிடித்த கைகளின் பெயர்களை நாம் எங்கும் படித்ததில்லை. செடிக்குப் பெயருண்டு, செய்வித்தவருக்குப் பெயருண்டு, செய்தவருக்கு?

இப்படி எண்ணிக்கொண்டே நடந்த நமக்கு எதிரே ஒரு காடு நின்றது. "மரம் எங்கே?" என்று தோழரைக் கேட்டோம். "இதுதான்!" என்றார்.

காடன்று, தோழர்களே, ஒரே ஆலமரம்! ஏறத்தாழ நான்கரை ஏக்கர் பரப்பிலே பந்தலிட்டு நிற்கிறது. அகவை 250 ஆண்டுகளுக்கு மேல் என்று கணிக்கிறார்கள். தரையில் ஊன்றிய விழுதுகள் 3,000-க்கும் அதிகம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆயிரங்கால் மண்டபம். அருகிலே போனால் அந்த உவமையும் போதவில்லை. மண்டபத்துத் தூண் வளராது, இது வளர்கிறது! மரத்தைச் சுற்றி ஏறத்தாழ 330 மீட்டர் நீளத்திற்கு ஒரு சாலை போட்டார்கள். மரம் சாலையைத் தாண்டிப் போய்விட்டது.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். சுற்றி நடந்தோம். அடிமரம் எங்கே என்று தேடினோம். எல்லாத் தூணும் ஒன்றுபோல் தோன்றின. எதுவும் முதல் தூணாகத் தோன்றவில்லை. அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகே தெளிந்தது. 1864-இலும் 1867-இலும் வீசிய பெரும்புயல்கள் மரத்தை முறித்துப் புண்ணாக்கின. புண்ணிலே பூஞ்சைக் காளான் புகுந்தது. ஏறத்தாழ 50 அடி சுற்றளவு கொண்டிருந்த அடிமரம் உள்ளே உளுத்தது. அழுகல் பரவாதிருக்க 1925-இலே அதை அறுத்தெடுத்துவிட்டார்கள். அடிமரம் போயிற்று, மரம் போகவில்லை! 2020 மே மாதத்திலே ஆம்பன் புயல் தோட்டத்தைச் சூறையாடிற்று. பழைய மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. இந்த ஆலுக்கும் சேதம்தான். ஆயினும் நிற்கிறது.

படித்தோம், பாராட்டினோம், படம் பிடித்தோம். பிறகு பலகையின் தலைப்பிலே கண் சென்றது. ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், பானியன். அதை வாய்விட்டுப் படித்ததும் நா ஒட்டிக்கொண்டது.

பாரசீக வளைகுடாக் கரையிலே குசராத்தி வணிகர்கள், அதாவது வாணியர்கள், கூடும் ஒரு மரத்தைக் கண்ட ஐரோப்பியர், வணிகர் பெயரையே மரத்துக்கு வைத்தார்கள். அந்த வணிகர் உடுத்திய தளர்ந்த மேலாடைக்கும் அதே பெயரை வைத்தார்கள். மரத்தின் பெயர் ஆங்கிலத்தோடு நின்றது. ஆடையின் பெயர் நம்மிடமே வந்து சேர்ந்தது. ஆம், பனியன்தான்! அறிவியற்பெயரோ இன்னும் வேடிக்கை. 1753-இலே இலின்னேயசு சூட்டிய பெயரின்படி ஆல் வங்காளத்துக்கு உரியது. கிளைதொறும் விழுதுவிட்டு நம் ஊரெல்லாம் நிற்கும் மரத்துக்கு வங்காளத்து முகவரி! போகட்டும்.

பனியன் என்ற சொல் நம்மை நிறுத்தியதற்குக் காரணம் சொல்லாராய்ச்சியன்று. நம் மாணவன் ஒருவன் திருப்பூரிலே பனியன் கம்பெனி ஒன்றிலே துணி மடித்துக்கொண்டிருக்கிறான். அவனை அங்கே அனுப்பியதில் இந்த மரத்துக்குப் பங்கு உண்டு. மரத்துக்கா? இல்லை, மரத்தை வைத்து நாம் சொன்ன உவமைக்கு!

கதையைச் சொல்லிவிடுகிறோம். அவன் பத்தாம் வகுப்பு. அகவை பதினைந்து. கணக்கிலே கெட்டிக்காரன், தமிழிலே சுமார், குறும்பிலே முதல்வன். தந்தை கொத்தனார். தை மாதத்திலே மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் ஓலம். தாயும், நூற்பாலை வேலைக்குப் போகும் தமக்கையும், இவனும் எஞ்சினர். இழவு வீட்டுக்குப் போனோம். வாசலிலே பலகை போட்டு உட்காரவைத்தார்கள். "வாத்தியார் ஐயா, நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லுங்க" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

சொன்னோம். நன்றாகவே சொன்னோம். அதுதான் குற்றம்!

நாலடியாரிலே ஒரு பாட்டு உண்டு. கறையான் தின்ற ஆலமரத்தை அதன் விழுது ஊன்றித் தாங்குவதுபோல, தளர்ந்துபோன தந்தையின் குறையை மகன் நீக்குவான் என்பது அதன் கருத்து. வகுப்பிலே நடத்திய பாட்டுதான். அதை எடுத்தோம். ஆலமரம் சாய்ந்துவிட்டது, அழாதீர்கள். அடிமரம் போனால் என்ன, இதோ விழுது நிற்கிறது, இது தாங்கும் என்று அச்சிறுவனின் தோளிலே கை வைத்தோம். கூடியிருந்தோர் கண்கலங்கினர். பெரியவர் தலையசைத்தார். தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டார். நமக்கும் உள்ளூர ஒரு நிறைவு. மறைப்பானேன்? இழவு வீட்டிலேகூடப் பேச்சாளனுக்குக் காது கைதட்டலைத் தேடுகிறது.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்தது. வகுப்பிலே அவன் இடம் காலி. "திருப்பூருக்குப் போயிட்டான், ஐயா" என்றார்கள் பிள்ளைகள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் எழுதவில்லை.

நாம் என்ன செய்தோம்? நொந்தோம். வறுமையை நொந்தோம், சமுதாய அமைப்பை நொந்தோம், ஆலை முதலாளியை நொந்தோம், ஆசிரியர் அறையிலே அரைமணி நேரம் நொந்தோம். நம் நாவை மட்டும் நோகவில்லை. பல ஊழிக்காலக் கேடுகளுக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு, பதினாறு நாள் கேட்டுக்குக் காரணம் தெரியவில்லை.

இப்போது சிப்பூருக்குத் திரும்புவோம்.

வேலியோரத்திலே தோட்டத் தொழிலாளர் ஒருவர் மூங்கிற் குழாய் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். மேலே கிளையிலிருந்து மெல்லிய விழுது ஒன்று, சடைபோலத் தொங்கி, அந்தக் குழாய்க்குள் புகுந்து தரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. நம் தோழர் வங்காளம் நன்கறிந்தவர். அவரைக் கொண்டு கேட்டோம்: "இந்த விழுதுதானே மரத்தைத் தாங்குகிறது?"

தொழிலாளர் நிமிர்ந்து பார்த்தார். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்த விழுதைத் தொட்டுக் காட்டினார். சிரித்தார். "இதை மரம் தாங்குகிறது" என்றார்.

தோழர் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவருக்கு அது ஒரு நகைச்சுவை. நமக்கு?

கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கல்லூரித் தோழரும் தாம் அறிந்ததைச் சேர்த்துச் சொன்னார். ஆலின் விழுது கிளையிலே பிறக்கிறது. காற்றிலே தொங்கும் காலமெல்லாம் அது சுமப்பதில்லை, சுமக்கப்படுகிறது. மரத்தின் இலைகள் சமைத்த உணவை உண்டு வளர்கிறது. தரையைத் தொட்டு, மண்ணுக்குள் புகுந்து, பக்கவேர் விட்டு, நீரைத் தானே உறிஞ்சத் தொடங்கிய பிறகுதான் பருக்கிறது. பருத்துத் தண்டாகி ஒரு கிளையின் பாரத்தை ஏற்க ஆண்டுகள் பல ஆகும். இடையிலே ஆடு கடிக்கலாம். சிறுவர் பிடித்து ஊஞ்சலாடலாம். கீழே மண்ணுக்கு மாறாகச் சாலையிருந்தால் ஊன்றவே இடமிராது. அதற்காகத்தான் வேலி. அதற்காகத்தான் மூங்கிற் குழாய். 1925-இலே அடிமரத்தை அறுத்தபோது அந்த மரம் பிழைத்ததென்றால், அதற்கு முன்பே நூற்றுக்கணக்கான விழுதுகள் மண்ணில் ஊன்றி முதிர்ந்திருந்தன என்பதே காரணம். அன்று காலை முளைத்த விழுதை நம்பி எவரும் கோடரியை எடுக்கவில்லை.

பாட்டின்மீது பழியில்லை. கறையான் ஓர் இரவில் ஆலமரத்தைத் தின்பதில்லை. அது தின்று முடிக்கும் காலத்திற்குள் விழுது ஊன்றி உரம் பெற்றிருக்கும். தளர்ந்த தந்தையையும் வளர்ந்த மகனையுமே பாட்டு பேசுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளிலே கை வைத்து "தாங்கு" என்று சொன்னது பாட்டன்று, நாம்! தொங்கும் சடையைத் தூண் என்று சொன்னோம். அவன் ஆசிரியர் சொல்லை நம்பினான்.

இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டிலே தூண் இல்லாமலில்லை. தமக்கை இரண்டாண்டாக ஆலைக்குப் போய்க் கூலி கொண்டுவருகிறாள். தாய் சித்தாளாகக் கல் சுமந்தவள். அந்தக் கூட்டத்திலே நம் கண் அவர்களைக் காணவேயில்லை. மகன் என்று உவமை சொன்னது. மகனைத் தேடிற்று நம் கை. மூவாயிரம் விழுதிலே எது மூத்த மகன் என்று ஆலமரம் பார்ப்பதில்லை. நாம் பார்த்தோம்!

இந்த இடத்திலே, தோழர்களே, நம் பேனா தானாக ஓட விரும்புகிறது. 'ஆகவே, பிள்ளை இளவிழுது. பள்ளி மூங்கிற் குழாய். சமுதாயம் தோட்டக்காரன்' என்று எழுதினால் எவ்வளவு அழகாக இருக்கும்! எழுதலாகாது. ஓர் உவமையால் கெடுத்துவிட்டு இன்னோர் உவமையால் கழுவுவதா? பிள்ளை விழுதல்லன். விழுதுக்கு அரிசி வேண்டா; வீட்டு வாடகை இல்லை; தந்தை வாங்கிய கடனுக்கு வட்டி கேட்டு எவரும் வருவதில்லை. நாம் வங்கத்திலே கண்டது ஒரு மரம். அந்த மரம் நம் மாணவனின் வீட்டைப்பற்றி ஒன்றும் அறியாது.

அப்படியானால் உவமைக்கு என்னதான் மதிப்பு? ஊர் திரும்பும் தொடர்வண்டியிலே, ஒரு பகலும் ஓர் இரவும் இதைத்தான் எண்ணிக்கொண்டு வந்தோம்.

உவமை மனிதரை எழுப்பும்; உட்காரவும் வைக்கும். உரோமாபுரி வரலாற்றிலே ஒரு நிகழ்ச்சி. கி.மு. 494-ஐ ஒட்டி, கடனாலும் போராலும் நொந்த எளிய மக்கள் நகரைவிட்டு வெளியேறி ஒரு குன்றிலே போய் உட்கார்ந்துவிட்டார்கள். உழைப்பவர் இல்லாமல் நகரம் திகைத்தது. மெனேனியசு அக்ரிப்பா என்பவரைத் தூதனுப்பினார்கள் செல்வர்கள். அவர் கதை சொன்னார்: கையும் வாயும் பல்லும் வயிற்றின்மேல் சினங்கொண்டு வேலையை நிறுத்தின, வயிறு சோம்பேறி என்று ஏசின, முடிவிலே உடல் முழுவதும் நலிந்தது, வயிறு உண்பது எல்லா உறுப்புக்கும் இரத்தமாகத் திரும்புகிறது என்று அப்போதுதான் அறிந்தன. செல்வர்தாம் வயிறு! கதையால் மக்கள் மனம் மாறியது என்று வரலாற்றாசிரியர் இலிவி எழுதுகிறார். ஆனால் அவரே அடுத்து எழுதுவதையும் படிக்க வேண்டும். பேச்சு நடந்தது, மக்களைக் காக்க அவர்களுக்கென்றே தீண்டத்தகாத உரிமையோடு தனி அதிகாரிகள் ஏற்படுத்தப்பட்டார்கள். உடன்பாடு கண்ட பிறகே பிணக்குத் தீர்ந்தது. கதையை விழுங்கிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்திருந்தால்? வயிறு கொழுத்திருக்கும், கை மெலிந்திருக்கும்.

நம் நாட்டிலும் தலையிலே பிறந்தவர், தோளிலே பிறந்தவர், தொடையிலே பிறந்தவர், காலிலே பிறந்தவர் என்று ஓர் உடல் உவமை உண்டு. அதன் கதை இந்த ஏட்டைப் படிப்பவர்க்குப் புதிதன்று. சமுதாயம் உடலன்று, காலிலே பிறந்தவன் எவனும் இல்லை என்று மேடைதோறும் சொன்னோம், சரியாகவே சொன்னோம். பிறருடைய உவமையைப் பிளந்து பார்க்க நமக்குத் தெரிகிறது. நம் வாயிலே பிறக்கும் உவமை மட்டும் பூவாகவே தோன்றுகிறது. நாடு ஒரு கப்பல் என்கிறோம். உடனே மாலுமியைக் கேள்வி கேட்பவன் கலகக்காரன் ஆகிறான். பள்ளி ஒரு குடும்பம் என்கிறார்கள். உடனே ஊதியம் கேட்கும் ஆசிரியன் நன்றிகெட்ட மகன் ஆகிறான். உவமை சொல்பவர் ஆணையிடுவதாகத் தோன்றுவதில்லை. அதனாலேயே அந்த ஆணையை எதிர்த்து எவரும் வாதாடுவதுமில்லை.

மரம் என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். பனையும் மரந்தான். பனைக்கு வளரும் குருத்து உச்சியிலே ஒன்றே ஒன்று. அதை வெட்டினால் பனை பட்டுப்போகும், கிளைக்காது, விழுது விடாது. 'தலை போனால் எல்லாம் போகும்' என்று ஒருவர் வாதிட விரும்பினால் பனையைக் காட்டுவார். 'தலை போனாலும் தழைக்கும்' என்பவர் ஆலைக் காட்டுவார். இருவரும் வயற்காட்டிலே நின்று உண்மையையே சொல்வார்கள். அந்த வீடு பனையா, ஆலா? இரண்டுமன்று. வீடு வீடுதான். வீட்டுக்குள் போய்த்தான் பார்க்கவேண்டும்.

சிப்பூர் ஆலமரம் ஒன்றைச் செய்தது. அடிமரம் போனால் மரம் செத்துத்தான் தீரும் என்று ஒருவர் பொதுவிதி சொன்னால், அதை மறுக்க அந்த ஒரு மரம் போதும். ஒரு விதியை உடைக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒரு விதியை நாட்ட ஓராயிரம் எடுத்துக்காட்டும் போதா. தந்தை போனால் குடும்பம் அழிந்தே தீரும் என்பது பொய் என்று அந்த மரத்தை நினைத்துச் சொல்லலாம். குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்ல மரம் போதாது. அதற்கு அடுப்பையும் கணக்கையும் பார்க்கவேண்டும். நாம் பார்க்காமல் பேசினோம். பகுத்தறிவு என்ற சொல்லை நாளைக்குப் பத்துமுறை உச்சரிக்கும் நாம், ஒரே ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல் ஒரு பிள்ளையின் வாழ்க்கையிலே தீர்ப்பெழுதினோம்.

அழகாகப் பேசுவதே தவறா என்று கேட்பீர்கள். தவறென்று நாம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையிலேயே எத்தனை உவமை நுழைந்துவிட்டது என்று எண்ணிப் பாருங்கள், நமக்கே வெட்கமாயிருக்கிறது! கேட்பவர் எதிர்த்துக் கேட்கக்கூடிய இடத்திலே உவமை விளையாடட்டும். இழவு வீட்டிலே, தந்தையை இழந்த பிள்ளை, ஆசிரியர் சொல்வதை எதிர்த்து வாதாடுவானா? அவன் வாய் கட்டப்பட்டிருந்தது. நம் வாய் மட்டும் திறந்திருந்தது. அந்த நிலையிலே அலங்காரம், ஆயுதம்.

ஊர் சேர்ந்த மறுநாளே அந்த வீட்டுக்குப் போனோம். மாலை ஐந்து மணி. தாய் அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பி, முகங்கழுவிக்கொண்டிருந்தார். பாய் போட்டார். அம்மா, பிள்ளை படிப்பை விட்டதற்கு நாமும் ஒரு காரணமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். இல்லை என்று சொல்வார் என்று உள்ளத்தின் ஒரு மூலை எதிர்பார்த்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நானும் அவன் அக்காளும் படிடா படிடான்னுதான் சொன்னோம், ஐயா. பரீட்சையை மட்டுமாவது எழுதுடான்னு அழுதேன். 'வாத்தியாரே சொல்லிட்டாரும்மா, இனிமே நான்தான் தாங்கணும்'னு கிளம்பிட்டான்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். காப்பி குடிக்கிறீர்களா என்றும் கேட்டார்.

பிறகு, தை மாதமே கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் கேட்டோம். கொத்தனார் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலே பதிந்திருந்தாரா? தகரப்பெட்டியைத் திறந்தார் அம்மா. துணிக்கு அடியிலே அட்டை இருந்தது. இறந்த தொழிலாளியின் குடும்பம் வாரியத்திடம் உதவித்தொகை கேட்கலாம் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. கணவரை இழந்த ஏழைப் பெண்களுக்கு அரசு தரும் மாத உதவி 2023 ஆகத்திலே 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கும் அவர் விண்ணப்பிக்கவில்லை. தெருவிலே இருபது பேர் விழுதைப்பற்றி நாம் பேசியதைக் கேட்டார்கள். இந்த இரண்டைப்பற்றிக் கேட்டவர் ஒருவருமில்லை, ஏனென்றால் சொன்னவர் ஒருவருமில்லை.

நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்திலே கணக்குப் போட்டோம். தமக்கையின் கூலி, தாயின் கூலி, வரக்கூடிய உதவி ஒரு பத்தியிலே. வாடகை, மளிகை, கடன் வட்டி மறுபத்தியிலே. அரிசி நியாயவிலைக் கடையிலே கிடைக்கிறது. கூட்டிப் பார்த்தோம். நேராகவில்லை. கடனில் ஒரு பகுதியை வாரியத்துப் பணம் அடைத்தால் ஏறக்குறைய நேராகும். அது எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது. வேலைவிட்டு வந்த தமக்கை கணக்கைப் பார்த்தாள். "வட்டி அசலை மட்டும் முதல்ல முடிச்சிட்டா நான் பாத்துக்குவேன், ஐயா" என்றாள். அந்த வீட்டிலே அன்று பேசப்பட்ட மிகச் சிறந்த சொற்பொழிவு அதுதான்.

இரவு பத்து மணிக்கு, வேலை முடிந்த பிறகு, அவனே பேசினான். எந்திரங்களின் ஓசை பின்னணியிலே கேட்டது. தம்பி, அன்று சொன்னது தவறு என்றோம். சற்று நேரம் பேச்சில்லை.

"எது தப்பு, ஐயா? நான் வேலைக்கு வந்ததா, நீங்க சொன்னதா?"

சொன்னதுதான் என்றோம்.

"பரவாயில்லீங்க, ஐயா" என்றான். துணைத்தேர்வு இருக்கிறது, மார்ச்சுத் தேர்வுக்கு வராதவரும் எழுதலாம் என்று சொன்னோம். வாரியத்து அட்டை கிடைத்ததைச் சொன்னோம். அக்காள் போட்ட கணக்கைச் சொன்னோம். மறுபடியும் பேச்சில்லை. பிறகு, கணக்கிலே கெட்டிக்காரன் அல்லவா, வட்டி எவ்வளவு விழுக்காடு போட்டீர்கள் என்று கேட்டான். சொன்னோம். "அது மாசத்துக்கு மூணு வட்டி, ஐயா. நீங்க ரெண்டுன்னு போட்டிருக்கீங்க" என்றான்.

திருத்திக்கொண்டோம்.

"இந்த மாசச் சம்பளம் வாங்கிட்டுச் சொல்றேன், ஐயா" என்று வைத்துவிட்டான்.

வாரியத்துக்கான விண்ணப்பத்தை மறுநாள் தாயோடு போய்க் கொடுத்துவிட்டோம். துணைத்தேர்வுக்கு வேண்டிய விவரங்களை எழுதி மேசையிலே வைத்திருக்கிறோம். அவன் பெயர், பிறந்த நாள், தேர்வெண், எல்லாம் நிரப்பியாயிற்று. கையொப்பம் இடும் இடம் மட்டும் காலியாயிருக்கிறது.